கடல்நீர் புகுந்த வீடு: காப்பீட்டுக் கோரிக்கையும் சீரமைப்பும், எதை முதலில் செய்வது?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

புயலலை வடிந்த வீடுகளைப் பற்றி இங்கே வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. சுத்தம் செய்யாமல் காத்திருந்தால் பூஞ்சை பிடிக்கிறது. அதற்கு 24 முதல் 48 மணி நேரம் போதும். சுத்தம் செய்துவிட்டால், பிறகு சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயருக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி நடப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆறுதல் வார்த்தைகள் வேண்டாம். என்ன அளவு, எந்த வரிசை, ஏன் அப்படி என்று எழுதினால் படிப்பவர்களுக்கு உதவும்.

நான் தொடங்கி வைக்கிறேன். மின்சாரம் வெளியிலிருந்தே துண்டிக்கப்பட்டிருக்கிறதா, கேஸ் வாசனை வருகிறதா, சுவரில் புதிய விரிசலோ கூரையில் தொய்வோ தெரிகிறதா என்று பார்க்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். மெயின் சுவிட்சை எட்டுவதற்குத் தண்ணீரில் நிற்க வேண்டும் என்றால் அதைத் தொடவே கூடாது; மின்சார நிறுவனத்தின் ஆள் வரட்டும். ஜெனரேட்டர் வைப்பவர்கள் ஜன்னல், கதவுகளிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்தவெளியில் வையுங்கள். வராந்தாவும் கராஜும் திறந்தவெளி ஆகாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெள்ளத்தில் தப்பியவர்கள் இதில் உயிரிழந்த துயரம் பல பேரிடர்களில் நடந்திருக்கிறது.

அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்கிவிடுங்கள். சேதக் கணக்கு தயாராகவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். தகவல் சொல்வது வேறு, கணக்குக் கொடுப்பது வேறு.

---

கணக்கன்

சுவரில் சேறு விட்டுப்போன நீர்மட்டக் கோடுதான் முதல் சாட்சி. அதைத் துடைப்பதற்கு முன், கோட்டை ஒட்டி அளவு நாடாவைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒன்று, வீட்டின் வெளிச்சுவரில் நான்கு பக்கமும் ஒவ்வொன்று. வெளியே 90 செ.மீ., உள்ளே 70 செ.மீ. என்று வித்தியாசம் இருந்தால் இரண்டையும் பதிவு செய்யுங்கள். தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வந்தது, குழாய் உடைந்து உள்ளுக்குள் பெருகவில்லை என்பதைப் பின்னால் நிறுவ இந்த வித்தியாசம் உதவும்.

அறைகளை வாசலிலிருந்து வலஞ்சுற்றாக எடுத்துக்கொண்டு போனால் எதுவும் விட்டுப்போகாது. முதலில் நான்கு மூலைகளிலிருந்தும் பொதுப்படம், பிறகு பொருள்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் மாடல் எண், சீரியல் எண் உள்ள தகடு. ஃப்ரிட்ஜில் அது பெரும்பாலும் உள்பக்கச் சுவரிலும், வாஷிங் மெஷினில் கதவு விளிம்பிலும் இருக்கும். அலமாரியைத் திறந்து உள்ளே இருப்பதையும் எடுங்கள். மூடிய அலமாரியின் படம் ஓர் அலமாரிக்குத்தான் சாட்சி சொல்லும்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழிக்காதீர்கள். அப்படி அனுப்பும்போது எடுத்த தேதி, நேரம் போன்ற விவரங்கள் உதிர்ந்துபோகும். அசல் கோப்புகளை இரண்டு இடங்களில் வையுங்கள்.

பட்டியல் தயாரிக்கும்போது இந்த வரிசை நன்றாக வேலை செய்கிறது: பொருள், பிராண்டு, வாங்கிய ஆண்டு, அன்றைய விலை, அதே தரத்தில் இன்று வாங்கினால் ஆகும் விலை, படத்தின் எண். ரசீது நனைந்து போயிருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கை, ஆன்லைன் ஆர்டர் விவரம், விற்ற கடையின் பதிவு ஆகியவற்றைத் தேடுங்கள். பழைய குடும்ப விழாப் படங்களின் பின்னணியில் அந்த டிவியோ சோபாவோ இருந்தால் அதுவும் ஆதாரம்தான்.

---

கரைமேடு

சர்வேயர் வர 10 நாளாவது ஆகும் என்று சொல்லிவிட்டால்? கழிவுநீர் கலந்த தண்ணீரில் ஊறிய மெத்தையும் கார்ப்பெட்டும் அதுவரை வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டுமா?

---

பாலிசிப்பக்கம்

வேண்டியதில்லை. கிட்டத்தட்ட எல்லா வீட்டுப் பாலிசிகளிலும், சேதம் மேலும் பரவாமல் நியாயமான நடவடிக்கை எடுப்பது காப்பீடு செய்தவரின் கடமை என்று ஒரு நிபந்தனை இருக்கும். ஒன்றும் செய்யாமல் 10 நாள் விட்டால், ‘பூஞ்சைச் சேதம் தவிர்த்திருக்கக் கூடியது’ என்று அந்தப் பகுதியைக் கழித்துவிடுவார்கள். எனவே எழுத்தில் சொல்லிவிட்டு அப்புறப்படுத்துங்கள். மின்னஞ்சல் இவ்வளவு இருந்தால் போதும்:

“கிளெய்ம் எண் இது. கழிவுநீர் கலந்த வெள்ளத்தில் நனைந்த கீழ்க்கண்ட பொருள்கள் சுகாதாரக் கேடு என்பதால் நாளை மாலை 5 மணிக்குள் அப்புறப்படுத்துகிறோம். படங்களும் பட்டியலும் இணைப்பில் உள்ளன. அதற்கு முன் பார்வையிட விரும்பினால் தெரிவிக்கவும்.”

பதில் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல் உங்கள் பக்கம் நிற்கும். தொலைபேசியில் அவர்கள் சம்மதம் சொன்னால், யார் எத்தனை மணிக்குச் சொன்னார் என்று எழுதி அதையும் அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

---

கணக்கன்

நண்பர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ‘அப்புறப்படுத்துங்கள்’ என்பதை எல்லாப் பொருளுக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மெத்தை, கார்ப்பெட், அழுகும் உணவு போகட்டும். ஃப்ரிட்ஜ், மோட்டார், டிவி, இன்வெர்ட்டர் மாதிரி இயந்திரங்களை வீட்டுக்கு வெளியே தார்ப்பாய் போட்டு ஒதுக்கி வையுங்கள். முழு மதிப்பையும் கொடுத்தபின் மிச்சப்பொருள் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேரும் என்று பல பாலிசிகள் சொல்கின்றன. நீங்கள் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் அதன் மதிப்பைக் கழிப்பார்கள், அல்லது பழுது பார்த்திருக்கலாமே என்பார்கள். ஃப்ரிட்ஜில் உள்ளதை எடுத்துவிட்டு, குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொள்ளாதபடி கதவை ஒட்டுநாடாவால் கட்டிவிடுங்கள்.

தூக்கி எறியும் கார்ப்பெட், திரை, லேமினேட் தரை, சுவர்த்தாள் ஒவ்வொன்றிலும் ஒரு கையளவு துண்டு வெட்டிக் காயவைத்து உறையிலிடுங்கள். உறையின் மேல் அறையின் பெயரும் சதுர மீட்டரும் எழுதுங்கள். துண்டு இல்லாவிட்டால் மதிப்பீட்டில் மலிவான ரகம் என்று எழுதப்படலாம்.

---

மின்கம்பி

மழைவெள்ளத்துக்கும் கடல்வெள்ளத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் உப்பு. யாரும் இதுவரை அதைத் தொடவில்லை, எனவே எழுதுகிறேன்.

நீரில் மூழ்கிய பிரேக்கர்கள், கசிவுமின் தடுப்பான்கள், சுவிட்சுகள், பிளக் பாயிண்டுகள் எதையும் காயவைத்து மறுபடி பயன்படுத்தக் கூடாது. நல்ல தண்ணீரில் மூழ்கினாலும் இதே விதிதான். உப்புநீர் என்றால் பேச்சுக்கே இடமில்லை. வெளியே பளிச்சென்று இருக்கும் பிரேக்கரின் உள்ளே ஸ்பிரிங்கிலும் தொடுமுனையிலும் உப்புப் படிந்திருக்கும். அன்று ஓடும். சில வாரங்கள் கழித்து, ஓவர்லோட் வரும்போது துண்டிக்காமல் நின்று எரியும். இதைச் சர்வேயரிடம் ‘பழுது’ என்று எழுதவிடாதீர்கள், ‘மாற்றீடு’ என்று எழுதச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம், எந்தெந்தப் பாகம் எத்தனை செ.மீ. உயரத்தில் இருந்தது, நீர்மட்டம் எவ்வளவு, அதனால் எவை மாற்றப்பட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி இணைத்துவிட்டால் அந்த இனத்தில் வாதம் வராது.

நல்ல தண்ணீரில் நனைந்த பெரிய மோட்டாரை, சுருள் கட்டும் பட்டறையில் கழுவிக் காயவைத்து, மின்காப்புச் சோதனை செய்து காப்பாற்ற முடிவதுண்டு. கடல்நீரில் மூழ்கியதை முதலில் நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுக்காமல் காயவைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இன்னொன்று மின்சார வாகனங்கள். 2022-ல் ஃபுளோரிடாவில் இயான் புயலுக்குப் பிறகு, கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்தபின் தீப்பிடித்தன. அப்படி மூழ்கியதை கட்டடங்களிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும், சார்ஜ் போடக் கூடாது.

---

அலைவாய்

மின்சார வண்டி மட்டுமில்லை, பெட்ரோல், டீசல் வண்டியையும் ‘ஒரு தடவை ஓடுதா பார்ப்போம்’ என்று ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதம் என்று ஏற்கும் நிறுவனங்கள்கூட, தண்ணீர் போன எஞ்சினை இயக்கியதால் வந்த சேதம் என்று இதைத் தனியே பிரித்து மறுக்கும். பேட்டரி கம்பியைக் கழற்றி, நின்ற இடத்திலேயே நீர்மட்டத்தோடு படம் எடுத்து, இழுவை வண்டியில் ஏற்றுவதுதான் வழி.

---

ஈரச்சுவர்

சுவர்ப் பக்கம் வருகிறேன்.

முதலில் நிலத்தடி அறை. வெளியே மண் ஊறிக் கிடக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரை ஒரே மூச்சில் இறைத்தால் வெளிமண்ணின் அழுத்தம் சுவரை உள்பக்கமாகத் தள்ளும். சுவர் சரியும், தரை மேலே எழும்பும். வெளிநீர் வடிந்தபின், நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறையுங்கள். நிறுத்தியதும் மட்டத்தைக் குறித்து வைத்து, மறுநாள் காலையில் அது மேலே ஏறியிருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். செப்டிக் டேங்க் விஷயத்திலும் இதே கதைதான். மண் ஊறியிருக்கும்போது அதைக் காலி செய்தால் தொட்டி மிதந்து, குழாய்கள் முறியும்.

இப்போது உப்பு. கடல்நீர் குடித்த செங்கல்லும் சாந்தும் காய்ந்தபிறகும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அவசரமாகப் பெயிண்ட் அடித்தால் சில மாதங்களில் வெள்ளையாக உப்புப் பூத்து, சாந்தோடு உதிரும். எனவே வரிசை இது: சேற்றை வழித்து எடுப்பது, நல்ல தண்ணீரால் குறைந்த அழுத்தத்தில் பலமுறை அலசுவது, பிறகுதான் உலர்த்துவது. காயவைத்துவிட்டுக் கழுவினால் உப்பு உள்ளே இறங்கி உட்கார்ந்துவிடும்.

ஜிப்சம் போர்டு சுவர் என்றால் நீர்மட்டக் கோட்டுக்கு மேலே குறைந்தது 30 செ.மீ. வரை வெட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் அதில் மேல்நோக்கி ஏறும். உள்ளே இருக்கும் நனைந்த பஞ்சுக்காப்பை வைத்துக்கொள்ளக் கூடாது. வெட்டும் முன் ஒரு படம், வெட்டியபின் உள்ளே தெரியும் ஈரத்துக்கு ஒரு படம். மரச்சட்டத்தின் ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்ததை மீட்டரில் பார்த்தபிறகே சுவரை மூடுங்கள். மீட்டர் எண்ணைத் தினம் ஒரே இடத்தில் படம் எடுத்து வையுங்கள். உலர்த்தும் கருவியின் வாடகையை ஏன் இத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று கேட்டால் அதுதான் பதில்.

பூஞ்சைக்கு பிளீச் போடுபவர்களுக்கு: 4 லிட்டர் தண்ணீருக்கு 240 மி.லி.க்கு மேல் வேண்டாம். அம்மோனியா உள்ள எந்தத் திரவத்தோடும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். டைல்ஸ், கண்ணாடி, உலோகம் போன்ற வழவழப்பான பரப்பில் அது வேலை செய்யும். போர்டு, பஞ்சு, மெத்தை போன்ற ஊறும் பொருளில் மேல்நிறத்தை மட்டும் போக்கும், உள்ளே வேர் அப்படியே இருக்கும்.

---

நெய்தல்

நனைந்த பத்திரங்கள் பற்றித் தனிமடலில் கேட்டிருந்தார்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க முயலாதீர்கள். உப்புநீர் என்றால் நல்ல தண்ணீரில் மெதுவாக முக்கி எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைநிலையில் பூஞ்சை வளராது. உலர்த்தும் வேலையைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

---

பாலிசிப்பக்கம்

இனி பணத்தின் பக்கம். கடலோர வீட்டில் எல்லா வழக்கும் ஒரே கேள்வியில் சுற்றுகிறது: காற்றா, தண்ணீரா? பல நாடுகளில் வீட்டுப் பாலிசி காற்றுச் சேதத்தை ஏற்கும், வெள்ளத்தை விலக்கும். வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலக் கடற்கரையில் கான்கிரீட் அடித்தளம் மட்டும் மிஞ்சிய வீடுகள் ஏராளம். காற்று பிய்த்துப் போட்டதா, அலை அடித்துப் போனதா என்று ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டுக்குமே கிடையாது என்று எழுதிய பாலிசிகளும் உண்டு. உங்களுடையதில் விலக்குகள் பகுதியின் முதல் பத்தியைப் படியுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எனவே சேதத்தை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்யுங்கள். கூரை ஓடு பெயர்ந்தது, மேல்தளக் கூரையில் ஈரக்கறை, ஜன்னல் உடைந்து மழை அடித்தது இதெல்லாம் ஒரு கோப்பு. நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே உள்ளது மற்றொன்று. வீடே போயிருந்தால், காற்று உச்சத்தில் இருந்த நேரத்தையும் கடல்மட்டம் உச்சத்துக்கு ஏறிய நேரத்தையும் வானிலை நிலையப் பதிவிலிருந்தும் அலைமானிப் பதிவிலிருந்தும் எடுத்து ஒப்பிடுங்கள். அலை வருவதற்கு முன்பே கூரை போனதை அக்கம்பக்கத்தார் எடுத்த வீடியோ காட்டினால் வழக்கே மாறும்.

பொறியாளரை நிறுவனம் அனுப்பினால், அவர் அறிக்கையின் முழு நகலையும் களக்குறிப்பையும் எழுத்தில் கேளுங்கள். 2012-ல் வந்த சாண்டி புயலில் சில பொறியியல் அறிக்கைகளின் முடிவுகள், வீட்டைப் பார்த்தவர் எழுதியதற்கு மாறாகத் திருத்தப்பட்டது நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2015-ல் அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா பழைய வெள்ளக் கோரிக்கைகளை மறு ஆய்வுக்குத் திறந்தது.

---

கரைமேடு

‘புயல் விலக்குத்தொகை (நாமே ஏற்க வேண்டிய பங்கு) 5 சதவீதம்’ என்று பாலிசியில் இருந்தால், சேதத்தில் 5 சதவீதம்தானே பிடிப்பார்கள்?

---

கணக்கன்

பெரும்பாலும் இல்லை. வீட்டுக்கு எடுத்திருக்கும் மொத்தக் காப்புத் தொகையில் 5 சதவீதம். காப்புத் தொகை 100, சேதம் 12 என்றால் பிடிப்பது 5, கையில் வருவது 7. சேதத்தில் 5 சதவீதம் என்று நினைத்தவர் 11.4 எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

அந்த விலக்குத்தொகை எப்போது பொருந்தும் என்பதையும் பாருங்கள். 2012 அக்டோபர் 29 அன்று நியூ ஜெர்சியில் கரையேறியபோது சாண்டி, ஹரிகேன் (கடும் வெப்பமண்டலச் சூறாவளி) என்ற வகையில் இல்லை. வெப்பமண்டலத் தன்மை இழந்த புயல் என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. அதனால் ஹரிகேன் விலக்குத்தொகையைப் பிடிக்கக் கூடாது என்று அங்கே பல மாநில அரசுகள் நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டன. வானிலைத் துறையின் வகைப்பாடு ஒரு குடும்பத்தின் கணக்கை அவ்வளவு தூரம் மாற்றும்.

அடுத்து குறைகாப்பீடு. வீட்டைத் திரும்பக் கட்ட 100 ஆகும், காப்பு எடுத்தது 60-க்கு, சேதம் 30. காப்பு எடுத்த விகிதத்தில்தான் கொடுப்போம் என்ற ‘சராசரி விதி’ உள்ள பாலிசியில் 30 வராது. 60-ஐ 100-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 18. விலக்குத்தொகை அதற்குப் பிறகு கழியும். சர்வேயர் ‘திரும்பக் கட்டும் செலவு’ என்ற கட்டத்தில் எழுதும் எண்ணை இதனால்தான் சரிபார்க்க வேண்டும். அதில் நிலத்தின் விலையைச் சேர்த்துவிட்டால் பகுக்கும் எண் பெருத்து, உங்கள் தொகை சுருங்கும். நிலம் வெள்ளத்தில் போகவில்லை, அதன் மதிப்பு அங்கே வரக் கூடாது.

---

பாலிசிப்பக்கம்

தேய்மானம் கழித்த மதிப்பா, புதிதாக மாற்றும் மதிப்பா என்பதும் உண்டு. இரண்டாவது வகையில்கூட முதலில் தேய்மானம் கழித்த தொகையைத்தான் கொடுப்பார்கள். மிச்சம், வேலை முடிந்து ரசீது கொடுத்தபிறகு. அதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டி ரசீது கொடுத்து இழப்பவர்கள் நிறைய. தொழிலாளர் கிடைக்கவில்லை, பொருள் வரவில்லை என்றால் கெடுவுக்கு முன்பே நீட்டிப்புக் கேட்டு எழுதுங்கள்.

அமெரிக்கத் தேசிய வெள்ளக் காப்பீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கையெழுத்திட்ட இழப்புச் சான்றுப் படிவம், சேதம் நடந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் போக வேண்டும். பெரிய பேரிடர்களில் நீட்டிப்பார்கள், ஆனால் அறிவிப்பு வரும்வரை 60 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி அறையில் நீர்சூடாக்கி, மின்பலகை போன்ற சிலவற்றுக்குத்தான் அதில் காப்பு உண்டு. அங்கே போட்டிருந்த சோபாவுக்கும் தரை விரிப்புக்கும் கிடையாது.

---

அலைவாய்

வீட்டுக்கடன் இருந்தால் கட்டடத்துக்கான காசோலை பெரும்பாலும் வங்கியின் பெயரும் சேர்ந்தே வரும். வங்கி அதை வைத்துக்கொண்டு, வேலை நடந்த அளவுக்குப் பார்வையிட்டுத் தவணையாக விடும். முதல் தவணை எவ்வளவு, பார்வையிட எத்தனை நாள் எடுப்பார்கள் என்று ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் பேசும் முன்பே வங்கியில் கேளுங்கள். இல்லாவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும்.

ஒப்பந்தக்காரர் நீட்டும் தாளில் ‘காப்பீட்டு உரிமையை மாற்றித் தருகிறேன்’ என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அதன்பிறகு நிறுவனத்தோடு பேசும் உரிமை அவருடையது. விலக்குத்தொகையை நானே கட்டிவிடுகிறேன் என்று சொல்பவரும் அதை மதிப்பீட்டில் ஏற்றித்தான் எடுப்பார். அந்தப் பொய்க்கணக்குக்குப் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

---

நெய்தல்

அரசு நிவாரணமும் காப்பீடும் சேர்த்து வாங்கலாமா என்று பலருக்கும் குழப்பம். பொதுவாக, ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் கூடாது. ஆனால் காப்பீடு தொடாத இனங்களுக்கு நிவாரணம் கிடைக்கும். அதற்குக் காப்பீட்டின் மறுப்புக் கடிதத்தையோ தீர்வுக் கடிதத்தையோ கேட்பார்கள், எனவே மறுப்பு வந்தாலும் கடிதமாக வாங்கி வையுங்கள்.

நிவாரணப் பணம் எதற்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கே செலவழியுங்கள். கத்ரீனாவுக்குப் பிறகு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், வீடுகளைச் சீரமைக்க உதவிய ரோட் ஹோம் திட்டத்தில், வீட்டை உயர்த்திக் கட்டக் கொடுத்த பணத்தைப் பழுதுக்குச் செலவழித்த குடும்பங்கள்மீது அரசு பல ஆண்டு கழித்து வழக்குப் போட்டது. அவர்களில் பலர் தவறான நோக்கமில்லாத எளிய மக்கள். 2023-ல்தான் அது கைவிடப்பட்டது. ஒவ்வொரு உதவிக்கும் தனி உறை, அதற்குள் ரசீதுகள் என்று வையுங்கள்.

---

கரைமேடு

கடைசியாக ஒன்று. நிறுவனம் சொல்லும் தொகை பாதிகூட வரவில்லை. வாங்கிக்கொண்டால் மிச்சம் போய்விடுமா?

---

பாலிசிப்பக்கம்

பணத்தோடு கையெழுத்துக் கேட்டு வரும் தாளைப் பொறுத்தது. ‘முழுமையான, இறுதித் தீர்வாக’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துக்குப் பிறகு கதவு மூடிவிடும். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள், அல்லது ‘மறுக்கப்படாத பகுதிக்கான தொகையாக, மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல்’ பெறுகிறேன் என்று எழுதி வாங்குங்கள். கணக்கில் தானாக வந்து விழுந்த பணத்தைத் திருப்ப வேண்டாம். இதே வாசகத்தை அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

பிறகு ‘தொகை குறைவு’ என்று மொத்தமாகச் சண்டை போடாமல், சர்வேயர் அறிக்கையை வாங்கி வரிவரியாக எதிரே எழுதுங்கள். அவர் சமையலறைச் சுவர் 12 சதுர மீட்டர் என்று எழுதியிருக்கிறார், அளந்தால் 19. படம் இது, ஒப்பந்தக்காரர் மதிப்பீடு இது. சுவரைத் திறந்தபின் தெரிந்த சேதத்தைக் கூடுதல் கோரிக்கையாகத் தனியே போடுங்கள். அதற்குமுன் அந்த இடத்தை மூட வேண்டாம், மறுபார்வைக்கு வரச்சொல்லித் தேதி கேளுங்கள். நிறுவனத்தின் உள்முறையீட்டில் பதில் திருப்தியில்லை என்றால் உங்கள் நாட்டின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ ஒழுங்குமுறை ஆணையத்திடமோ போகலாம். அங்கேயும் கெடு இருக்கும். மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள், அதை மேல்மூலையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

---

ஈரச்சுவர்

திறந்த சுவரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சேர்க்கை. மறுபார்வைக்குக் காத்திருக்கும்போது உலர்த்தியை நிறுத்த வேண்டாம். நீர்மட்டக் கோட்டோடு சேர்த்து ஒரே ஓர் இடத்தில் அரை மீட்டர் அகலத்துக்குச் சுவரை வெட்டாமல் விட்டு, மற்ற இடமெல்லாம் வேலையை நடத்துங்கள். அந்த அரை மீட்டரை மட்டும் சர்வேயர் பார்த்துவிட்டுப் போனபின் எடுத்தால் போதும்.